இழப்பீட்டுக் கடிதம் வந்துவிட்டது, தொகை குறைவு: என்ன செய்வது?

கேள்வி: சிங்கப்பூர் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை. வயது 31. சங்கிலியில் மாட்டி வலது ஆள்காட்டி விரல் நசுங்கியது. 5% நிரந்தர ஊனம் என்று 6,335 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கடிதம் வந்திருக்கிறது. “உன் கவனக்குறைவு, இதுவே அதிகம்” என்கிறார் சூப்பர்வைசர். வக்கீல் வைத்து வழக்குப் போடலாமா?

பதில்: சூப்பர்வைசர் சொன்னதை முதலில் ஓரமாக வையுங்கள். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்ற கேள்வியே எழாது. குடித்துவிட்டோ, வேண்டுமென்றே செய்தோ காயப்பட்டால் அது வேறு. கவனக்குறைவு என்று சொல்லி உங்கள் பணத்தைக் குறைக்க முடியாது.

இப்போது கடிதத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள்: ஊன சதவீதம், சராசரி மாதச் சம்பளம். 40 வயதுக்கு உட்பட்டவருக்கு வயதுப் பெருக்கம், அதாவது சம்பளத்தைப் பெருக்கும் எண், 181. நீங்கள் சொன்ன தொகையைப் பின்னோக்கிப் பிரித்துப் பார்த்தேன்: 700 × 181 × 5% = 6,335. அந்த 700 உங்கள் அடிப்படைச் சம்பளம் என்றால், வெறும் அதை மட்டும் வைத்துப் போட்டிருக்கிறார்கள். சட்டப்படி, விபத்துக்கு முந்தைய 12 மாதச் சம்பளத்தின் சராசரியில் ஓடியும் (OT, கூடுதல் நேர வேலைச் சம்பளம்) சேர வேண்டும். ஓடியோடு மாதம் சராசரி 1,200 வாங்கியிருந்தால் கணக்கு 10,860 வெள்ளி ஆகிறது. வித்தியாசம் 4,525. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், ஓடி நேரம் எழுதிய சிறு நோட்டு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். எம்சி (மருத்துவ விடுப்பு) நாட்களுக்குக் கொடுத்த சம்பளத்தையும் இதே சராசரியில்தான் போட்டிருக்க வேண்டும். அதையும் ஒரு தடவை சரிபாருங்கள்.

தொகை தவறென்றால், கடிதம் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். நீங்கள் உறையைப் பிரித்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். நாள் தவறினால் அந்தத் தொகையே உறுதியாகிவிடும். ஆட்சேபம் இல்லையென்றால் 21 நாட்களுக்குள் பணம் தர வேண்டும்.

ஆட்சேபத்தில் காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள். சண்டை எதைப் பற்றியது என்பதைப் பொறுத்துத்தான் அது யாரிடம் போகும் என்பது. சதவீதம் குறைவு என்றால் மருத்துவ வாரியத்துக்கு. அங்கே நிபுணர்கள் மறுபடி பரிசோதிப்பார்கள். சதவீதம் கூடலாம், குறையவும் செய்யலாம். இதைச் சொல்லாமல் “ஆட்சேபி, ஆட்சேபி” என்று தூண்டிவிடுகிறவர்கள் தேக்காவில் (லிட்டில் இந்தியா) நிறைய உண்டு. சம்பளக் கணக்கு மாதிரியான தகராறு என்றால் மனிதவள அமைச்சின் அதிகாரி முன்னால் போகும். முதலில் எல்லாத் தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், பல கேஸ்கள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் முறையான விசாரணை, பிறகு உத்தரவு. அதற்கு மேல் உயர் நீதிமன்றம் இருக்கிறது, ஆனால் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான். தொகை பிடிக்கவில்லை என்பது அதற்குப் போதாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் சம்பளக் கணக்கைத்தான் பிடிப்பேன். அது வெறும் கூட்டல் கழித்தல், கையில் சீட்டு இருந்தால் யாரும் மறுக்க முடியாது. சதவீதத்தைத் தொடுமுன் உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வக்கீல்? இந்த வழிக்குக் கட்டாயமில்லை. நீதிமன்ற வழக்கு வேறு பாதை. அதற்குப் போவதென்றால், கடிதம் சேர்ந்த 28 நாட்களுக்குள் இந்தக் கோரிக்கையை வாபஸ் வாங்க வேண்டும். இரண்டு வழியிலும் சேர்த்துப் பணம் வாங்க முடியாது, ஒன்றில்தான். அங்கே முதலாளியின் தவறை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், சூப்பர்வைசர் சொன்ன அந்தக் கவனக்குறைவும் அங்கே எடுபடும். தோற்றால் செலவு உங்கள் தலையில். பெரிய காயம், தெளிவான ஆதாரம் என்றால் யோசிக்கலாம். 5% விரலுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம், வேலை அனுமதியை ரத்து செய்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும். ரத்தானாலும் கேஸ் நடக்கும்போது தங்குவதற்கு அமைச்சு ஸ்பெஷல் பாஸ் தர வழியுண்டு. ஊருக்குப் போனாலும் கேஸ் செத்துவிடாது. கிளம்புமுன் ஊர் முகவரி, போன் நம்பர், வங்கிக் கணக்கு மூன்றையும் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கம்பெனி நீட்டும் எந்தத் தாளிலும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள் தம்பி.