ஆனேக்கல் நிலத்தில் தவிட்டுக்கொய்யா வளருமா?

கேள்வி: குன்னூரைச் சேர்ந்த நான் பெங்களூருவில் குடியேறி, ஆனேக்கல் அருகே இரண்டு ஏக்கர் நிலம் வாங்கியுள்ளேன். முன்பு தைலமரத் தோப்பாக இருந்த செம்மண் நிலம். எங்கள் மலைப்பக்கத்துப் பழப்புதரான தவிட்டுக்கொய்யாவின் பத்துச் செடிகளை நாற்றுப்பண்ணையில் வாங்கி, நிழல்வலைக்குள் தொட்டியில் வைத்து, ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றி வருகிறேன். துளிர் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. என்ன செய்வது? நிலம் முழுவதும் இதையே பயிரிடலாமா?

பதில்: ஐயா, தாங்கள் சொல்லும் அறிகுறி இரும்புச்சத்துப் பற்றாக்குறையைக் காட்டுகிறது. செம்மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. ஆனால் பைகார்பனேட் உப்பு மிகுந்த கடினமான கிணற்று நீரைத் தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றும்போது மண்ணின் காரத்தன்மை ஏறி, இருக்கும் இரும்பையும் வேர் எடுக்க முடியாமல் போகிறது. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் பெரஸ் சல்பேட் என்னும் இரும்பு உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலை வேளையில் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் கழித்து மீண்டும் ஒருமுறை தெளிக்கலாம். நீரை மாற்றாமல் தெளித்துக்கொண்டே இருந்தால் மஞ்சள் திரும்பத் திரும்ப வரும். ஆகவே கூரை மழைநீரைச் சேமித்து இச்செடிகளுக்கு ஒதுக்குங்கள். சுண்ணாம்பு, டோலமைட் என்னும் சுண்ணாம்பு வகைக் கல்தூள், மரச்சாம்பல் ஆகியவற்றை இவற்றின் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

நிழல்வலையும் இதற்கு உகந்ததன்று. நீலகிரியிலும் பழனி மலையிலும் தவிட்டுக்கொய்யா அடர்ந்த சோலைக்குள் வளர்வதில்லை. சோலை முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பிலும் திறந்த சரிவுகளிலும், நல்ல வெயிலில், அமிலத்தன்மையுள்ள, நீர் தேங்காத, மட்கு நிறைந்த மண்ணில்தான் அது புதராகப் படர்ந்து இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. தீயில் மேற்பகுதி கருகினாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும் உரம் அதற்கு உண்டு. மலை உயரம் இருந்தால்தான் வளரும் என்று பலர் எண்ணுவது சரியன்று. தென்கிழக்கு ஆசியாவில் இதே செடி கடலோர மணலிலும் வளர்கிறது, வியட்நாமின் பூகுவோக் தீவில் இதன் பழத்திலிருந்து மது தயாரித்து விற்கின்றனர். எனவே ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவில் உயரம் ஒரு தடையன்று. மார்ச், ஏப்ரல் மாதங்களின் வறண்ட காற்றும் கார நீருமே தடை.

வாங்கிய செடி உண்மையில் தவிட்டுக்கொய்யாதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். இதன் இலைகள் எதிரெதிராக அமைந்து, அடிப்புறம் சாம்பல் நிறத்தில் மென்மயிருடன் இருக்கும். காம்பருகிலிருந்து மூன்று நரம்புகள் நீளவாட்டில் ஓடும். வேறு இனமான ஸ்ட்ராபெரி கொய்யாவின் இலையோ இருபுறமும் வழவழப்பாக, ஒரே நடுநரம்புடன் இருக்கும்.

நிலம் முழுவதும் பயிரிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முதல் சில ஆண்டுகள் இச்செடி மெதுவாகவே வளரும். மெல்லிய தோலுள்ள சிறு பழம் சில நாட்களுக்கு மேல் தாங்காது. பெங்களூருச் சந்தையில் இதைக் கேட்டு வாங்குவோரும் குறைவு. இருக்கும் பத்துச் செடிகளைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, ஜூன் மழை தொடங்கியதும் மேட்டுப்பாங்கான இடத்தில் இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டு, காய்ந்த புல்லால் மூடாக்கு இடுங்கள். இரண்டு கோடைகளைத் தாண்டிய பிறகு, அவற்றின் பழங்களிலிருந்து விதை எடுத்து நாற்று வளர்க்கலாம். மற்ற இடத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த கொய்யாவையோ நாவலையோ நடுவது வருமானத்துக்கு உகந்தது. ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கிரண் போன்ற கொய்யா ரகங்கள் இப்பகுதிக்கு ஏற்றவை.

தைலமரத்தின் அடிக்கட்டைகள் நிலத்தில் இருந்தால் அவை மறுதாம்பு விட்டு, அதாவது மீண்டும் துளிர்த்து, நீரை உறிஞ்சும். பழமரம் நடுவதற்கு முன் வேரோடு அகற்றுங்கள். தைலமரமும் தவிட்டுக்கொய்யாவின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் 1840-களிலிருந்து நீலகிரியில் ஊன்றப்பட்ட தைலமரமும் வாட்டில் என்னும் அயல்நாட்டு மரமும், தரிசு என்று தவறாகக் கருதப்பட்ட புல்வெளிகளைப் பெருமளவு மூடிவிட்டன. தவிட்டுக்கொய்யாவின் இருப்பிடமும் அதனால் சுருங்கியது. அதனால் தங்களிடம் ஒன்றை வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்: ஊருக்குச் செல்லும்போது மலையிலிருந்து செடியைப் பெயர்த்து வராதீர்கள். காப்புக்காட்டில் அது குற்றம். மேலும் வளர்ந்த புதர் பெயர்த்து நட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

ஹவாயிலும் புளோரிடாவிலும் அழகுச்செடியாகக் கொண்டுபோகப்பட்ட இதுவே, பறவைகள் விதை பரப்பியதால் அங்குள்ள இயல் தாவரங்களை நெருக்கும் களையாகிவிட்டது. பெங்களூருச் சமவெளியும் இதன் இயற்கையான இருப்பிடம் அன்று. எனவே ஏரிக்கரை, புறம்போக்குப் புல்வெளி ஆகியவற்றை ஒட்டிய வேலியில் நடாமல், தாங்கள் அன்றாடம் பார்க்கும் இடத்திலேயே நடுங்கள். தானாக முளைக்கும் கன்றுகளை அவ்வப்போது பிடுங்கிவிடுங்கள். நடுவதற்கு முன் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்; மண்ணின் கார அமில நிலை (pH) 6.5-க்கு மேல் இருந்தால், எனக்கு அந்த அறிக்கையை அனுப்பிய பிறகு குழி எடுங்கள்.