அறை வாடகை வரம்பைத் தாண்டினால் மருந்துச் செலவையும் வெட்டலாமா?

கேள்வி: ஐந்து லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு வைத்திருக்கிறேன். பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சைக்காக, நாளொன்றுக்கு 8,000 ரூபாய் வாடகையுள்ள அறையில் நான்கு நாள் இருந்தேன். மொத்த பில் 2,12,000 ரூபாய். நிறுவனம் 1,32,500 மட்டும் கொடுத்துவிட்டு, ‘புரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்’ என்று காரணம் எழுதியிருக்கிறது. அறை வாடகையில் கூடுதலான 12,000 ரூபாயைத்தானே கழிக்க வேண்டும்?

பதில்: 12,000 ரூபாயோடு நிற்காது என்பதுதான் கசப்பான உண்மை. உங்கள் பாலிசியில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 5,000 ரூபாய். பெரிய அறைக்குப் போனால் அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு ஆகியவற்றின் கட்டணங்களையும் பல மருத்துவமனைகள் உயர்த்திவிடுவதால், அவற்றையும் எட்டுக்கு ஐந்து என்ற அதே விகிதத்தில் குறைத்துத் தருவதையே அந்தச் சொல் குறிக்கிறது. தமிழில் விகிதாசாரக் கழிவு எனலாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் நிறுவனம் மொத்த பில்லையும் அந்த விகிதத்தில் வெட்டியிருக்கிறது, அது தவறு. மருந்துகள், உடலில் பொருத்தும் சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு இந்தக் கழிவு பொருந்தாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இலேயே வரையறுத்துவிட்டது. உங்கள் பில்லில் மருந்தும் பரிசோதனையும் 60,000 ரூபாய். அதில் வெட்டிய 22,500 ரூபாயை நீங்கள் தயங்காமல் திருப்பிக் கேட்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த அறையில் படுத்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் உண்டு. அங்கே விகிதாசாரக் கழிவுக்கே இடமில்லை. சில மருத்துவமனைகளில் நிபுணர் கட்டணம் மட்டும் அறைக்கேற்ப மாறும், அரங்குக் கட்டணம் மாறாது. அப்போது மாறாத அந்தக் கட்டணத்தையும் வெட்டக் கூடாது. எனவே அறைவாரியான கட்டணப் பட்டியலை மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டணம் மாறவில்லை என்று தெரிந்தால், அறை வாடகை 32,000 ரூபாயும் மருந்து, பரிசோதனைச் செலவும் போக மீதமுள்ள 1,20,000 ரூபாயில் வெட்டிய 45,000 ரூபாயும் உங்களுக்குச் சேர வேண்டியது. இதை நிறுவனமே விசாரித்த பிறகு கழித்திருக்க வேண்டும். நோயிலிருந்து எழுந்தவரை ஆவணத்துக்கு அலையவிடும் இந்த வழக்கத்தை எத்தனை ஆண்டுகள்தான் பொறுத்துக்கொள்வது?

“நான் முடித்துத் தருகிறேன், வரும் பணத்தில் இருபது சதவீதம் போதும்” என்று ஒருவர் உங்களை அணுகியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அவரிடம் அசல் பில்களையும் வங்கி விவரங்களையும் கொடுக்காதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்கே கட்டணம் கிடையாது. வழக்கறிஞரோ முகவரோ உங்களுக்காக மனுச் செய்ய விதி அனுமதிப்பதும் இல்லை. அப்படியிருக்க, அந்த இருபது சதவீதம் எதற்காக?

பாலிசி எடுத்தபோது “எல்லாம் கிடைக்கும்” என்று சொன்ன முகவர் இந்த வரம்பைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார். 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு பாலிசியுடனும் வாடிக்கையாளர் தகவல் தாள் தரப்பட வேண்டும், கேட்டால் தமிழிலும் தர வேண்டும். புகாருடன் அதையும் கேட்டு வாங்குங்கள்; அறை வாடகை வரம்பு அதில் இருக்கும்.