திருகோணமலையில் பிலிம் கழுவியவரிடம் கேட்டவை

திருகோணமலை நகரின் ஒரு ஸ்ரூடியோவில் இருட்டறை உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் கலர் லாப் ஒன்றை நடத்தி, ஏறத்தாழ 30 ஆண்டுகள் இத்தொழிலில் இருந்த ஒருவரிடம், பிலிம் புகைப்படக் கலை எவ்வாறு மறைந்தது என்பது பற்றிப் பலர் கேட்ட கேள்விகளும் அவர் எழுதிய பதில்களும்.

கேள்வி (பல்கலைக்கழக மாணவர், மூதூர்): ஐயா, டிஜிட்டல் கமராவைக் கோடக் நிறுவனமே கண்டுபிடித்து, அதை ஒளித்து வைத்து, அதனாலேயே அழிந்தது என்கிறார்கள். இது உண்மையா?

பதில்: முன்பாதி உண்மை. 1975ஆம் ஆண்டு கோடக்கின் இளம் பொறியியலாளர் ஸ்டீவ் சாசன் செய்த கருவி ஏறத்தாழ 3.6 கிலோ எடையுடையது. அது 0.01 மெகாபிக்சல் அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து, அதை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. ஆனால் ஒளித்து வைத்தார்கள் என்பதை அப்படியே ஏற்க முடியாது. 1991இல் நைக்கோன் எஃப்3 கமராவின் உடலில் 1.3 மெகாபிக்சல் உணரியைப் பொருத்திப் பத்திரிகைக்காரர்களுக்கு விற்றதும் அதே கோடக்தான்.

சிக்கல் கமராவில் இல்லை, வருமானத்தில் இருந்தது. கமரா ஒருமுறை விற்பது. பிலிம், தாள், இரசாயனம் ஆகியவையோ ஒவ்வொரு தேருக்கும், ஒவ்வொரு கல்யாணத்துக்கும், ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த நாளுக்கும் திரும்பத் திரும்ப விற்பவை. அந்தக் கிணற்றைத் தன் கையாலேயே தூர்க்க எந்த வியாபாரிக்கும் மனம் வராது. 2012 ஜனவரியில் கோடக் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதே அடியை வாங்கிய பியூஜிபிலிம் தப்பியதற்குக் காரணம், பிலிம் பூசுவதில் தான் கற்ற வேதியியலைத் தட்டைத் திரைகளுக்கான மென்தகடுகளிலும் மருந்துகளிலும் அழகுசாதனப் பொருட்களிலும் பயன்படுத்திக்கொண்டதே. பிலிமின் பூச்சில் உள்ள ஜெலட்டின் கொலாஜனிலிருந்து கிடைப்பது என்பதை நினைத்தால், முகக் கிறீமுக்கு அவர்கள் போனது அவ்வளவு தூரப் பயணமும் அல்ல.

கேள்வி (ஆசிரியை, உப்புவெளி): எங்கள் ஊரில் மக்கள் பிலிம் கமராக்களை வைத்திருந்த காலத்திலேயே கலர் லாப்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வாடிக்கையாளர் இருக்கும்போதே கடையை ஏன் மூடினார்கள்?

பதில்: என்னிடம் இதுவரை யாரும் சரியாகக் கேட்காத கேள்வி இது. டிஜிட்டல் படம் அழகாக இருந்ததால் பிலிம் தோற்றது என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். எங்கள் ஊரைப் பொறுத்தவரை பிலிம் தோற்றது கமராவில் அல்ல, கழுவும் தொட்டியில்.

கலர் நெகட்டிவ் கழுவும் முறைக்கு சி-41 என்று பெயர். 1972இல் வந்த இம்முறையில் டெவலப்பர், அதாவது பிலிமில் உருவத்தைத் தோன்றச் செய்யும் கரைசல், 37.8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும், பிலிம் அதில் 3 நிமிடம் 15 விநாடி கிடக்க வேண்டும். கால் பாகை பிசகினாலும் நிறம் பிசகும். இயந்திரம் இந்த வெப்பத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் இயந்திரத்தால் பார்த்துக்கொள்ள முடியாத ஒன்று உண்டு. ஒவ்வொரு றோலும் தொட்டிக்குள் செல்லும்போது இரசாயனத்தின் வலு சிறிது குறையும். அந்த அளவுக்குப் புதிய கரைசலை இயந்திரம் ஊற்றிக்கொள்ளும். நாள் முழுவதும் றோல்கள் ஓடிக்கொண்டிருந்தால் பழையது வெளியேறிப் புதியது சேர்ந்து, தொட்டி எப்போதும் உயிரோடு இருக்கும். றோல்கள் குறைந்தால் கரைசல் அப்படியே நின்று, காற்றுப் பட்டு, தேநீர் நிறத்துக்குக் கறுத்துச் செத்துப்போகும். ஓடாத கேணியில் பாசி பிடிப்பது போன்றதுதான்.

நல்ல காலத்தில், சித்திரை வருடப் பிறப்பு முடிந்த வாரத்தில், என் கடையில் றோல்கள் கடலைச் சரை போலக் குவிந்து கிடக்கும். பின்னர் நாளொன்றுக்கு நாலைந்து என்று ஆனபோது எனக்கு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, கெட்ட கரைசலை முழுவதும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவது. அதன் விலைக்கு அந்த வாரத்து வருமானம் காணாது. மற்றது, இரண்டு மூன்று நாள் றோல்களைச் சேர்த்து வைத்து ஒன்றாகக் கழுவுவது. நான் இரண்டாவதைச் செய்தேன். படங்களில் தோல் நிறம் பச்சை தட்டியது, ஒரு மணி நேரத்தில் கிடைத்த படம் நான்கு நாள் ஆனது, வந்தவர்கள் குறை சொன்னார்கள். குறை சொன்னவர்கள் அடுத்த முறை டிஜிட்டல் கமரா வாங்கினார்கள். அதனால் றோல் இன்னும் குறைந்தது, நிறம் இன்னும் கெட்டது. இந்தச் சுழியில் அகப்பட்ட சிறு நகரத்து லாப் எதுவும் மீளவில்லை. கானன் 300டி என்ற டிஜிட்டல் கமரா 1000 டொலருக்குக் குறைந்த விலையில் 2003இல் வந்தது என்பதும், நைக்கோன் 2006இல் எஃப்6, எஃப்எம்10 தவிர்ந்த பிலிம் கமராக்களைக் கைவிடுவதாக அறிவித்தது என்பதும் உலகக் கதை. எங்கள் கதை அந்தத் தொட்டியில் முடிந்தது.

கேள்வி (கல்யாணப் படப்பிடிப்பாளர், கிண்ணியா): நான் ஒரு கல்யாணத்தில் 3000 படங்களுக்குக் குறையாமல் எடுக்கிறேன். ஒரு றோலுக்கு 36 படங்களுடன் எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில்: எண்ணிக்கொண்டே இருந்தோம். தாலிகட்டு நெருங்கும்போது கமராவில் 30ஐத் தாண்டியிருந்தால், மீதி 6 படங்கள் வீணானாலும் பரவாயில்லை என்று சுற்றி எடுத்துவிட்டுப் புதிய றோலைப் போட்டுவிடுவோம். அதற்கு முன்னைய காலத்தில், 120 என்ற அகலமான பிலிமில் சதுரப் படம் எடுத்தபோது ஒரு றோலுக்கு 12 படங்கள்தான். நம் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைக்கு அடியில், கடலுக்குள் கிடக்கும் கோயில் இடிபாடுகளை 1950களில் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மூழ்கிப் பார்த்தார்களே, அந்தக் காலத்து நீரடிப் படமும் பிலிமில்தான். றோல் முடிந்தால் நீருக்குள் மாற்ற முடியாது, மேலே வந்துதான் ஆக வேண்டும். அதை நினைத்துப் பார்த்தால் எங்கள் மணவறைப் பாடு பெரிதல்ல.

என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். அவசரத்தில் போட்ட ஒரு றோலின் நுனி, சுற்றும் உருளையில் கொளுவவே இல்லை. எண்ணி 36 முறை அமத்தினேன். பிலிம் இருந்த இடத்திலேயே இருந்தது. நெம்பியை இழுக்கும்போது இடப்பக்கத்துக் குமிழ் சேர்ந்து சுழல்கிறதா என்று ஒருமுறை பார்த்திருந்தால் போதும். அந்தப் பொம்பிளை மாப்பிள்ளையை மறுநாள் மீண்டும் உடுத்தச் சொல்லி, ஆலாத்தி எடுத்தவர்களையும் வரவழைத்துப் படம் எடுத்தோம். பெண்ணின் தாயார் இன்றும் என்னைக் கண்டால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குத் தெரியும்.

கேள்வி (இளைஞர், நிலாவெளி): பிலிம் படம் டிஜிட்டலை விடத் தரமானது என்பது உண்மையா, அல்லது பழமை மோகமா?

பதில்: பெரும்பாலும் மோகம்தான். 35 மில்லிமீட்டர் நெகட்டிவிலிருந்து நான் எடுத்த பெரிய பிரின்ட்களை இன்றைய ஒரு நடுத்தர டிஜிட்டல் கமரா கூர்மையில் எளிதாக வெல்லும்; இரவு வெளிச்சத்தில் ஒப்பிடவே வேண்டாம். ஒரே ஒரு இடத்தில் கலர் நெகட்டிவ் இன்னும் என் மரியாதைக்குரியது: நண்பகல் வெயிலில் வெள்ளை மணலையும் வெள்ளைச் சேலையையும் எடுத்தால், வெளிச்சம் கூடிய பகுதியை அது சட்டென்று வெளுக்க விடாமல் தாங்கிக்கொள்ளும்.

கேள்வி (ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், திருகோணமலை நகரம்): கறுப்பு வெள்ளைப் பிலிமை 20 பாகையில் கழுவ வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். நமது ஊர்க் குழாய்த் தண்ணீரில் அது எப்படிச் சாத்தியமானது?

பதில்: ஐயா, உங்கள் அடையாள அட்டைப் படத்தையும் ஒருவேளை நான்தான் கழுவியிருப்பேன். அந்நாளில் அட்டைக்குக் கறுப்பு வெள்ளைப் படமே வேண்டியிருந்ததால், கலர் வந்து நெடுங்காலம் ஆகியும் எங்கள் இருட்டறைக்கு அதுவே சோறு போட்டது.

கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் குழாயைத் திறந்தால் 30 பாகைத் தண்ணீர் வரும். அந்த வெப்பத்தில் ஜெலட்டின் இளகி, நகம் பட்டாலே வழன்றுவிடும். மீன்வாடிக்கு வரும் ஐஸ் கட்டியில் ஒரு துண்டு வாங்கி, பொலித்தீன் பையில் கட்டி, டெவலப்பர் கிண்ணம் இருக்கும் பெரிய தட்டில் போடுவோம். ஐஸை நேரே டெவலப்பருக்குள் போட்டால் கரைசல் நீர்த்துவிடும். புதிதாக வந்த பொடியன்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் பிழை அது. டி-76 என்ற டெவலப்பர் 1927இலிருந்து புழக்கத்தில் உள்ளது. 24 பாகை வரை நேரத்தைக் குறைத்து அதைக் கொண்டு சமாளிக்கலாம், அதற்கு மேல் போனால் ஆபத்து. பிறகு ஹைப்போ என்ற கரைசலில் போட்டு நிலைப்படுத்தி, நன்றாகக் கழுவிக் கொடியில் தொங்கவிடும்போது ஜன்னலைச் சாத்த வேண்டும். இல்லையேல் கடற்கரை மணல் ஈர ஜெலட்டினில் ஒட்டி, எல்லா முகத்திலும் அம்மைத் தழும்பு போட்டுவிடும். மின்சாரம் இல்லாத நாட்களில் பெரிதாக்கும் கருவி ஓடாது. அப்போது 120 நெகட்டிவைத் தாளின் மேல் நேரே அழுத்தி வைத்து, அரிக்கன் லாம்பைச் சில விநாடிகள் காட்டி, நெகட்டிவின் அளவிலேயே படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி (குடும்பத் தலைவி, தற்போது கனடாவில்): அப்பாவின் நெகட்டிவ்கள் ஒரு பிஸ்கட் ரின் நிறைய ஊரில் இருக்கின்றன. சிலவற்றில் பூஞ்சணம், சிலவற்றில் வினாகிரி மணம், சில சுனாமித் தண்ணீரில் நனைந்து ஒட்டிக்கொண்டவை. எதைக் காப்பாற்றலாம்?

பதில்: தங்கை, மூன்றுக்கும் மருந்து வேறு வேறு, ஒன்றின் மருந்து மற்றதற்கு நஞ்சு. தண்ணீரில் நனைந்து ஒட்டியவற்றைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் ஊற வைத்தால் சில தாமாகவே விலகும். விலகியதும் துடைக்காமல் நிழலில் தொங்கவிடுங்கள். 20 ஆண்டுகள் காய்ந்து ஒட்டியவை என்பதால் எல்லாம் பிழைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பூஞ்சணம் பிடித்தவற்றில் தண்ணீரே படக் கூடாது. பூஞ்சணம் ஜெலட்டினைத் தின்று, அதை நீரில் கரையும் பொருளாக மாற்றிவிடும். கழுவினால் உங்கள் அப்பாவின் முகம் தண்ணீரோடு போய்விடும். தண்ணீர் கலவாத ஐசோபுரொப்பைல் அல்ககோலில் மெல்லிய பஞ்சைத் தோய்த்து, அழுத்தாமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

வினாகிரி மணம் வருவது பிலிமின் அசிற்றேற்று என்ற பிளாஸ்டிக் அடித்தளம் உடைவதால். தொடங்கியதை நிறுத்த முடியாது, அதன் ஆவி பக்கத்தில் உள்ளவற்றையும் தொற்றும். ஆகவே முதல் வேலையாக அவற்றை அந்த ரின்னிலிருந்து பிரித்தெடுத்து, வேறெதையும் பார்க்கும் முன் அவற்றையே ஸ்கேன் செய்யுங்கள். 2400 டிபிஐ (அங்குலத்துக்கு 2400 புள்ளிகள்) போதும்; ஒரு 35 மில்லிமீட்டர் நெகட்டிவிலிருந்து ஏழரை மெகாபிக்சலுக்கு மேல் வரும். ஸ்கேனரின் தூசி நீக்கும் வசதியைக் கறுப்பு வெள்ளைக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள். அது அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடிப்பது. கலர் நெகட்டிவில் வெள்ளி இல்லை, சாயம் மட்டுமே மீந்திருக்கும். கறுப்பு வெள்ளையிலோ உருவமே வெள்ளியால் ஆனது, அதையும் தூசி என்று எண்ணிக் குழப்பிவிடும்.

நல்ல நிலையில் உள்ளவற்றைக் கடதாசி உறைகளில் இட்டு, சிலிக்கா ஜெல் பொதியுடன், கடல் காற்றுப் படாத அறையில் வையுங்கள். ஸ்கேன் செய்தாயிற்று என்று நெகட்டிவை எறிந்துவிட வேண்டாம். வன்தட்டு பழுதானால் திரும்பப் போய் எடுப்பதற்கு இருப்பது அதுதான்.

கேள்வி (கைத்தொலைபேசி விற்பனையாளர், நகர மத்தி): பிலிமை விழுங்கிய டிஜிட்டல் கமராவை இன்று தொலைபேசி விழுங்கிவிட்டதல்லவா?

பதில்: ஆம். உலகில் 2010இல் ஏறத்தாழ 12 கோடி டிஜிட்டல் கமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2021இல் அது ஒரு கோடியையும் எட்டவில்லை. என் கடையை மூட வைத்த சின்னக் கமராக்கள் இன்று யாருடைய அலுமாரியிலோ மின்கலம் ஊதிக் கிடக்கின்றன. எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை என்று சொன்னால் பொய்.

கேள்வி (இளைஞர், பாலையூற்று): வீட்டைத் துப்புரவு செய்தபோது 2001ஆம் ஆண்டு எடுத்துக் கழுவாமல் விட்ட ஒரு கலர் றோல் கிடைத்தது. அதில் இறந்துபோன என் அம்மம்மாவின் படம் இருக்கலாம். இன்னமும் கழுவ முடியுமா?

பதில்: முடியும், தம்பி. முதலில் றோலின் மேல் சி-41 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கோடக்குரோம் (கோடக்கின் பழைய ஸ்லைட் பிலிம்) என்று இருந்தால் நிறத்தை மறந்துவிட வேண்டும். அதைக் கழுவிய உலகின் கடைசி லாப், அமெரிக்காவின் கன்சாஸில், 2010 முடிவோடு அந்த வேலையை நிறுத்திவிட்டது.

சி-41 என்றாலும் நம் ஊர் வெக்கையில் இத்தனை ஆண்டுகள் கிடந்த றோலில் நிறப்படைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெட்டிருக்கும். கலராகக் கழுவினால் மங்கிய ஊதாவும் பழுப்பும் கலந்து வரக்கூடும். அம்மம்மாவின் முகம்தான் வேண்டும், சேலையின் நிறம் வேண்டாம் என்றால், அதைக் கறுப்பு வெள்ளை டெவலப்பரில் கழுவுவதே நல்லது. மூட்டம் இருந்தாலும் உருவம் பெரும்பாலும் தேறும். ஆனால் அப்படிக் கழுவியதைச் சாதாரணமாகப் பிறகு கலராக்க முடியாது. வீட்டில் எல்லோரையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முடிவு செய்யும் வரை றோலை இறுக மூடிய போத்தலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். திறந்து பார்க்க வேண்டாம். என்னிடம் இன்னும் ஒரு தொட்டியும் கொஞ்சம் டி-76 பொடியும் இருக்கின்றன. மார்கழியில் வாடை தொடங்கிக் குழாய்த் தண்ணீர் சற்றுக் குளிர்ந்ததும் கொண்டு வாருங்கள், வாடியில் ஐஸ் தேடி அலைய வேண்டியிருக்காது.