கார் வாஷ் ஹோஸ் வாங்கப் போகிறீர்களா? – கேள்வி பதில்

நாகர்கோவிலில் ஹைட்ராலிக் ஹோஸ் (உயர் அழுத்தக் குழாய்) வெட்டி, முனை (நுனியில் வரும் உலோக இணைப்பு) அழுத்திக் கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ஜேசிபி, டிப்பர், விசைப்படகு என்று பழகிய கை. இப்போது நம் மாவட்டத்தில் வண்டிக்காரரே காசு போட்டுத் தன் வண்டியைத் தானே கழுவிக்கொள்ளும் கார் வாஷ் தொடங்க நினைப்பவர்களும் பட்டறைக்கு வருகிறார்கள். வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன். ஹோஸ், முனை, கன் (தண்ணீர் பீய்ச்சும் கைப்பிடி), நாசில் (கன்னின் நுனித் துளை), இவைதான் என் எல்லை.

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணாச்சி, இரண்டு பே (வண்டியை நிறுத்திக் கழுவும் இடம்) போடுகிறேன். பம்ப் நிமிடத்துக்கு 15 லிட்டர், அழுத்தம் 150 பார் வரை போகும். கடையில் “ரெண்டு கம்பி ஹோஸே போடுங்க, கவலை வேண்டாம்” என்கிறார்கள். விலையும் கூட. ஒரு கம்பி (ஒரே அடுக்குக் கம்பிப் பின்னல்) போதாதா? கால் இஞ்சா, மூன்று நூலா?

போதும் தம்பி. பம்ப் 150 பார் போகும் என்பதற்காக நீங்கள் 150-இல் ஓட்டப் போவதில்லை. காருக்கு 80 முதல் 100 பார் தாராளம். மூன்று நூல், அதாவது 3/8 இஞ்சு, ஒரு கம்பி ஹோஸ் (மேலே 1எஸ்என் என்று இருக்கும்) 180 பார் வேலை அழுத்தத்துக்குச் செய்தது. அதே அளவில் இரண்டு கம்பி, அதாவது 2எஸ்என், 330 பார். வெடிக்கும் அழுத்தம் இதைப்போல நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்பது விதி. ஆக ஒரு கம்பியிலேயே உங்களுக்கு வேண்டிய இடம் இருக்கிறது.

இரண்டு கம்பி ஹோஸ் கனமானது, விறைப்பானது. உங்கள் பேயில் அதைப் பிடிப்பவர் பழகிய ஆள் இல்லை. வீட்டு மாருதியைக் கழுவ வந்த அக்காவோ, பென்ஷன் வாங்கும் பெரியவரோ பிடிப்பார். விறைத்த ஹோஸை முறுக்கி இழுத்தால் கன் பக்கத்து முனையில்தான் மடிப்பு விழும், அங்கேதான் கம்பி அறும். 3/8 ஒரு கம்பி ஹோஸை 130 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. அதனால் கன் பக்கம் ஒரு ஸ்விவல் (சுழலும் இணைப்பு), முனையை ஒட்டி ஒரு ஸ்பிரிங் காப்பு, கூரையில் சுற்றும் கை, மூன்றும் போடுங்கள். ஹோஸ் தொங்க வேண்டும், தரையில் கிடக்கக் கூடாது. கிடந்தால் என்றாவது ஒரு நாள் டயர் ஏறும். ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே கம்பி நசுங்கியிருக்கும். பம்ப் அறையிலிருந்து பே வரை அசையாமல் கிடக்கும் பகுதிக்கு வேண்டுமானால் இரண்டு கம்பி போடுங்கள்.

கால் இஞ்சு வேண்டாம். குறுக்களவு குறையக் குறைய அழுத்த இழப்பு அதன் ஐந்தாம் அடுக்கில் ஏறும். அதே தண்ணீர் 3/8-ஐ விட்டுக் கால் இஞ்சில் போனால் இழப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு. பம்புக்குக் கரண்ட் காசு கட்டி அழுத்தத்தை ஹோஸுக்குள்ளேயே தொலைப்பீர்கள்.

இன்னொன்று. ஹோஸ் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்காதீர்கள். சில சரக்கில் 700, 800 என்று பெரிய எண் இருக்கும். அது வெடிக்கும் அழுத்தம். வேலை அழுத்தம் தனியாக இருக்கிறதா, தரக் குறியீடு இருக்கிறதா, தயாரித்த மாதமும் வருடமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே எழுதாத ஹோஸ் என்றால் கடையை விட்டு வந்துவிடுங்கள். முடிந்தால் ஓர் அங்குலம் வெட்டித் தரச் சொல்லுங்கள். உள்ளே கறுப்புக் குழாய், அதன் மேல் பித்தளை நிறத்தில் பளபளக்கும் பின்னல் கம்பி, அதன் மேல் மேலுறை. கம்பி மங்கியோ பழுப்பாகவோ இருந்தால் அது பழைய சரக்கு.

குளச்சலிலிருந்து: கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் என் பே. ஆறு மாதத்தில் முனை எல்லாம் துரு. இரண்டு தடவை மாற்றிவிட்டேன். ஹோஸ் நன்றாகத்தானே இருக்கிறது, முனையை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. இதை நேரில் காட்டினால்தான் புரியும், எழுதிப் பார்க்கிறேன். துருப்பிடித்த முனையை எடுத்து, ஹோஸைக் கவ்வியிருக்கும் வளையத்தின் விளிம்பைப் பாருங்கள். அங்கே ரப்பர் மேலுறை லேசாகக் குமிழ்விட்டிருக்கும். கத்தியால் கீறினால் உள்ளே பழுப்புத் தூள் கொட்டும். அது பின்னல் கம்பி துருப்பிடித்த தூள். உப்புத் தண்ணீர் விளிம்பு வழியே உள்ளே இறங்கி, கம்பியைத் தின்றுகொண்டே மேலே ஏறும். புது முனை போட்டாலும் அது கவ்வப் போவது அந்தச் செத்த கம்பியைத்தான். கெட்ட பகுதியைத் தாண்டி, கம்பி பளபளவென்று தெரியும் வரை வெட்டியெறிந்துவிட்டுப் புது முனை போடுங்கள். ஹோஸ் குட்டையாகிவிட்டால் புது ஹோஸ்தான்.

சாதாரண முனை இரும்பில் துத்தநாகப் பூச்சு. ஜேசிபிக்கு அது சரி, அங்கே எண்ணெய்ப் பிசுக்கே காப்பு. உங்கள் இடத்தில் எந்நேரமும் ஈரம், அதோடு உப்புக் காற்று. கடல் மணம் வீசும் இடத்தில் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) 316 ரக முனைதான் போடுவேன். 304 போட்டால் கொஞ்ச நாளில் தேநீர்க் கறை போலப் படியும், பிறகு ஊசிக் குழி விழும். விலை வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். இரண்டு தடவை மாற்றிய செலவைக் கூட்டிப் பாருங்கள். கன், கப்ளர் போன்றவற்றில் பித்தளை நல்லது. ஆனால் பித்தளையையோ எஸ்எஸ்ஸையோ நேராக ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் முறுக்காதீர்கள். ஈரத்தில் இரண்டு உலோகம் சேர்ந்தால் தாழ்ந்தது கரையும், இங்கே கரைவது ஜிஐ.

மாதம் ஒரு தடவை எல்லா முனையையும் பாருங்கள். கண்ணால் மட்டும். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். இதை இந்தப் பக்கத்தில் இன்னும் பல தடவை சொல்வேன். என் பட்டறைப் பையன் ஒருவன் லாரி கழுவும் ஹோஸில் ஊசித்துளைக் கசிவைத் தேடி விரலால் வருடினான். முள் குத்தியது போல ஒரு புள்ளி. வலிகூட இல்லை, வேலையை முடித்துவிட்டுத்தான் போனான். இரவுக்குள் விரல் வீங்கி நிறம் மாறிவிட்டது. அறுத்துத் திறந்து கழுவினார்கள். இன்றும் அந்த விரல் முழுதாக மடங்காது. பம்பை நிறுத்தி, கன்னை அமுக்கி அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத் துடைத்துப் பாருங்கள். ஓடும்போதே பார்க்க வேண்டுமென்றால் ஓர் அட்டையைக் கம்பில் கட்டித் தள்ளி நின்று நீட்டுங்கள்.

தக்கலையிலிருந்து: ஹோஸ் முனை கழன்றுவிட்டது. அவசரத்துக்கு நல்ல எஸ்எஸ் கிளாம்ப் இரண்டு போட்டு முறுக்கினால் தாங்குமா?

தாங்காது. 3/8 ஹோஸின் உள்வாய் முக்கால் சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் 100 பாரில் முனையைப் பிடுங்கித் தள்ளும் விசை சுமார் 72 கிலோ. ஓர் ஆள் அந்த முனையில் தொங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னை விட்டுப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் உதறல் வேறு. கிளாம்ப் தோட்டத்துக் குழாய்க்கு. இங்கே மெஷினில் அழுத்திய முனை மட்டும்தான்.

குலசேகரத்திலிருந்து: அண்ணாச்சி, என் அப்பா காலத்திலிருந்து ரப்பர்தான். தமிழ்நாட்டு ரப்பர் பெரும்பாலும் விளைவது நம் மாவட்டத்தில்தான். நம் ஷீட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. அப்படியிருக்க ஹோஸ் கடையில் எல்லோரும் “நைட்ரைல், நைட்ரைல்” என்கிறார்கள். பெட்ரோலியத்தில் செய்த செயற்கைச் சரக்கு நம் ரப்பர் பாலைவிட உசத்தியா?

நல்ல கேள்வி, கோபமும் நியாயமான கோபம். உசத்தி தாழ்ச்சி இல்லை, இடம்தான் வேறு. இயற்கை ரப்பரை இழுத்தால் அதன் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு இறுகும். அதனால்தான் கிழியாமல் தாங்குகிறது. ஆனால் அது முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும். எண்ணெயும் அதே இனம். இனம் இனத்தோடு சேரும், ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிவிடும். நைட்ரைலை எண்ணெய் அப்படி ஊதவைப்பதில்லை. 1930-களில் ஜெர்மனியில் அதை உருவாக்கினார்கள். இன்றைக்கும் எண்ணெய் போகும் குழாய் என்றால் பெரும்பாலும் அதுதான்.

அருமனையிலிருந்து, இடையில்: நீங்கள் சொல்வது எண்ணெய்க்கு. பேயில் போவது தண்ணீர்தானே? லாரி டயர் முழுக்க நம் ரப்பர், வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்காக ஓடுகிறது. ஹோஸ் ஓடாதா?

வெறும் தண்ணீர் போனால் இயற்கை ரப்பருக்கு ஒரு தொல்லையும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பேயில் வெறும் தண்ணீரா போகிறது? ஷாம்பு, மெழுகு, இஞ்சின் கிரீஸைக் கரைக்கும் மருந்து எல்லாம் போகிறது. அந்த மருந்தில் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான் இருக்கலாம். பம்பின் சீல் தேய்ந்தால் பம்ப் எண்ணெயும் தண்ணீரோடு வரும். உள்குழாய் ஊதினால் வழி குறுகும், பிறகு செதில் செதிலாக உரிந்து நாசிலை அடைக்கும். அப்படி அடைத்த நாசிலை நான் ஊசியால் குத்தி எடுத்திருக்கிறேன், கறுப்புத் துணுக்கு வந்தது.

டயர் விஷயம் சரிதான். லாரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம், சூடேறாமலும் கிழியாமலும் இருப்பதற்காக. ஆனால் அதில் கரிப்பொடியும், ஓசோன் தடுக்கும் மருந்தும், மெழுகும் சேர்க்கிறார்கள். அவை இல்லாத ரப்பரை இழுத்துக் கட்டி வெளியே விட்டால் காற்றிலுள்ள ஓசோன் வாயு குறுக்கே வெடிப்பு விழச் செய்யும். வளைந்தே தொங்கும் ஹோஸுக்கு அது ஆகாது. நைட்ரைலுக்கும் ஓசோன் பகைதான். அதனால்தான் மேலுறைக்கு நியோப்ரீன் போன்ற வேறு ரப்பர் வைக்கிறார்கள்.

குலசேகரத்திலிருந்து, மறுபடியும்: ஒப்புக்கொள்ள மாட்டேன். ஷீட் துண்டை டீசலில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

போட்டுப் பாருங்கள். முதலில் நீள அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கருங்கலிலிருந்து: வலைத்தளத்தில் வாங்கிய கன், பிடியை விட்டாலும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பழுதா?

பழுது இல்லை. பனி உறையும் நாட்டுக்காகச் செய்த கன்னாக இருக்கும். குளிர்காலத்தில் ஹோஸுக்குள் தண்ணீர் உறையாமலிருக்க வேண்டுமென்றே ஒழுகவிடுவார்கள். நமக்குத் தண்ணீர் வீண். முழுதாக மூடும் கன் வாங்குங்கள், பம்பில் அன்லோடர் வால்வு (கன்னை மூடும்போது தண்ணீரைத் திருப்பிவிட்டு அழுத்தம் ஏறாமல் காப்பது) ஒழுங்காக வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

கொட்டாரத்திலிருந்து: ஐயப்ப சீசனில் வேன்கள் வரிசையாக நிற்கும், அதற்குள் பே தயாராக வேண்டும். புது ஹோஸ் கன்னில் ஏறுகிறது, எவ்வளவு முறுக்கினாலும் ஒழுகுகிறது. ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மூன்று மாற்றிவிட்டேன்.

எம்22 (22 மில்லிமீட்டர்) மரையா? அப்படியென்றால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கை வெர்னியரால் அளந்து பாருங்கள். 14 மில்லிமீட்டரும் உண்டு, 15-உம் உண்டு. வெளி மரை இரண்டுக்கும் ஒன்றே, அதனால் ஏறிவிடும். 14 மூக்கு 15 குழியில் போனால் ஒழுகும். 15 மூக்கு 14 குழிக்குள் போகாது. மாற்று முனை கிடைக்கும், ஓ-ரிங் வாங்குவதை நிறுத்துங்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: டெஃப்ளான் டேப் இருபது சுற்று சுற்றியும் அரை இஞ்சு இணைப்பு நிற்கவில்லை.

ஒரு பக்கம் பிஎஸ்பி (பிரிட்டிஷ் மரை), மறுபக்கம் என்பிடி (அமெரிக்க மரை) என்று நினைக்கிறேன். அரை இஞ்சில் இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரை, அதனால் ஏமாற்றும். மரையின் கோணம் பிஎஸ்பிக்கு 55 டிகிரி, என்பிடிக்கு 60. கால் இஞ்சிலும் 3/8-லும் பிஎஸ்பிக்கு 19 மரை, என்பிடிக்கு 18 என்பதால் ஓரிரு சுற்றிலேயே இறுகிக் காட்டிக்கொடுத்துவிடும். டேப் இதைச் சரிசெய்யாது. ஓ-ரிங்கோ கூம்போ உட்காரும் முனைக்கு டேப் தேவையே இல்லை.

திங்கள்சந்தையிலிருந்து: கிளாம்ப் போட்டு ஒரு வாரம் மட்டும் ஓட்டலாமா?

கூடாது. தக்கலைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

இரணியலிலிருந்து: வாடிக்கையாளர் காரில் பெயின்ட் பெயர்ந்துவிட்டது, என்னைப் பிடித்துக்கொண்டார். நாசில் 0 டிகிரி. தவறு என்னுடையதா?

ஆமாம் சார், உங்களுடையதுதான். தண்ணீர் விரியாமல் ஒரே கோடாகப் பாயும் சிவப்பு நிற 0 டிகிரி நாசில் பொதுமக்கள் கையில் போகவே கூடாது. பச்சை 25, வெள்ளை 40, இவை மட்டும் வையுங்கள். ஓர் அடிக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள் என்று சுவரில் எழுதுங்கள். நாசிலின் துளை அளவைக் குறிக்கும் எண்ணும் பம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர், 100 பார் என்றால் 065 எண் நாசில் பொருந்தும். 04 போட்டால் வழி போதாமல் அழுத்தம் ஏறும், அன்லோடர் திறந்து மூடி அடித்துக்கொண்டே இருக்கும். காலில் படும்படி பிடித்து சேறு கழுவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பலகையிலேயே “யார் மேலும் நீட்டாதீர்கள், கையால் தடவாதீர்கள்” என்று சேர்த்து எழுதுங்கள்.

களியக்காவிளையிலிருந்து: லோன், லைசென்ஸ், கழிவுநீர் அனுமதி எங்கே வாங்குவது?

என் வேலை இல்லை. வங்கியிலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் கேளுங்கள்.

முட்டத்திலிருந்து: நேற்று முனைப் பக்கம் கசிவைத் தொட்டுப் பார்த்தேன், நடுவிரலில் சின்னப் புள்ளி. வலி இல்லை, கொஞ்சம் விறைப்பு. மஞ்சள் வைத்திருக்கிறேன்.

இதைப் படித்ததும் கிளம்புங்கள். அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், “உயர் அழுத்தத் தண்ணீர் தோலுக்குள் ஏறிவிட்டது, இன்ன சோப்பு கலந்தது, இத்தனை மணிக்கு” என்று சொல்லுங்கள். சின்னப் புள்ளிதானே என்று திருப்பி அனுப்பவிடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

வெள்ளமடத்திலிருந்து: கிளாம்ப்...

இல்லை.

குலசேகரத்திலிருந்து: ஷீட் துண்டை இரவு முழுக்க டீசலில் போட்டேன். இரண்டு இஞ்சு நீளம் இரண்டே முக்கால் ஆகிவிட்டது, கொழகொழவென்று விரலில் ஒட்டுகிறது. நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் மனசு கேட்கவில்லை, என் பேயில் நம் ரப்பர் ஓர் இடத்திலாவது இருக்க வேண்டும்.

இருக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பம்பையும் மோட்டாரையும் நேராகக் கான்கிரீட்டில் போல்ட் போடாதீர்கள். அடியில் இயற்கை ரப்பர் மவுண்ட் நான்கு வையுங்கள். அதிர்வைத் தாங்க அதைவிட நல்லது எனக்குத் தெரியாது, வண்டியில் இஞ்சின் உட்காரும் மவுண்டும் பெரும்பாலும் அதுதான். பம்ப் எண்ணெய் சொட்டாமல் ஒரு தட்டு மட்டும் நடுவில் விடுங்கள். பம்பிலிருந்து குழாய்க்கு முதல் இரண்டு அடி ஹோஸாக இருக்கட்டும். அதிர்வு குழாய்க்குப் போகாது, முனையின் மரையும் தளராது. அளவைச் சொல்லுங்கள், முனை அழுத்தி வைக்கிறேன்.