பெசன்ட் நகரில் எனக்குப் பேச ஆளில்லை

கேள்வி: கரூரில் இருந்து வந்து ஐந்து மாதம் ஆகிறது. கணவருக்குத் தரமணியில் வேலை என்பதால் பெசன்ட் நகரில் ஃபிளாட் எடுத்தோம். வாடகையே மலைக்க வைக்கிறது. எதிர்வீட்டு அம்மா லிஃப்டில் சிரிப்பார், அத்தோடு சரி. பீச்சில் எல்லோரும் ஷூ போட்டு, ஆங்கிலம் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மளிகை, காய்கறி எல்லாம் ஆப்பில் வந்துவிடுவதால் வெளியே போகும் வேலையும் இல்லை. ஒன்பது வயது மகளுக்கும் துணையில்லை. சொந்தக்காரர்கள் இருக்கும் மேடவாக்கத்துக்கே போய்விடலாமா?

- ஒரு வாசகி, சென்னை-90

பதில்: சகோதரி, மேடவாக்கம் எங்கேயும் போய்விடாது. வாடகை ஒப்பந்தம் முடியும்வரை அந்த முடிவைத் தள்ளிப்போடுங்கள். அதற்குள் முதலில் அந்த ஆப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் தனிமையில் பாதி அதனால் வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் கொடுக்கும் வாடகையில் பெரும்பங்கு சுவருக்கும் டைல்ஸுக்கும் அல்ல, தெருவுக்கு. வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய பகுதி அது. மரநிழல் உண்டு, கடை, கோயில், பஸ் ஸ்டாண்ட், கடல் எல்லாமே நடக்கிற தூரம். சென்னையில் இப்படி வாய்ப்பது அபூர்வம். அந்தத் தெருவில் இறங்காமல் இருந்தால் வாடகை மட்டும்தான் மிஞ்சும்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில் நடந்து பாருங்கள். புடவையும் செருப்பும் போதும். அந்தக் கரையில் ஷூ போட்டவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? சுண்டல் விற்பவர்கள், அஷ்டலட்சுமி கோயிலுக்கு வருபவர்கள், 29சி பஸ்ஸில் பெரம்பூரில் இருந்து குழந்தைகளோடு வந்து இறங்குபவர்கள் என்று எல்லோருக்கும் அது பொது. பெசன்ட் நகர் என்ற பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊரூர் குப்பத்து மீனவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். மீன் சாப்பிடுகிறவர் என்றால் காலையில் அங்கே போய் வாங்குங்கள். இரண்டாவது வாரம் அந்த அக்கா உங்களைப் பார்த்ததும், "நேத்து ஏன் வரல?" என்பார். பூக்காரம்மாவும் இஸ்திரிக்காரரும் அப்படித்தான். பழக்கம் பெரும்பாலும் இவர்களிடம்தான் தொடங்குகிறது.

எதிர்வீட்டு அம்மா சிரிக்கிறாரே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. பலகாரம் கொண்டுபோய் நிற்பதைவிட, சின்ன உதவி கேட்டுப் போவது நல்லது. "இங்கே நல்ல பல் டாக்டர் யார்?" என்று கேளுங்கள். உதவி செய்தவருக்கு அப்புறம் உங்களை விசாரிக்கத் தோன்றும். ஃபிளாட் சங்கக் கூட்டத்துக்குக் கணவரை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் போங்கள்.

ஆகஸ்ட் 29-ல் உங்கள் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேறும், செப்டம்பர் 8 வரை திருவிழா. காவி உடுத்தி நடந்தே வருபவர்களால் சாலை நிறைந்துவிடும். வண்டியை எடுக்காமல் மகளோடு கூட்டத்தில் கலந்து நடங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் காலம் அது. சென்னை மாணவர்கள் 1988 முதல் இரவில் நீலாங்கரைப் பக்கமிருந்து பெசன்ட் நகர் வரை கரையோரமாக நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம். நீண்ட நடை, தூக்கம் கெடும்; ஆனால் மகளுக்கு அதே ஆர்வமுள்ள பிள்ளைகள் அங்கே கிடைப்பார்கள். கட்டாயம் கூட்டிப் போங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அவளை அலையில் கால் நனைக்க விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கரையில் வெள்ளையாக நிற்கும் அந்த மண்டபம், 1930-ல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க் இளைஞரின் நினைவாகக் கட்டியது. அங்கே நீரோட்டம் பொல்லாதது, நீச்சல் தெரிந்தவர்களையும் இழுத்துவிடும்.