ஆல்ஃபா 0.84 வந்தால் அளவுகோல் தேறிவிட்டதா?

கேள்வி: தன்பாலீர்ப்பாளர்கள் மீதான மனப்பான்மையை அளக்கும் 20 கூற்று ஆங்கில அளவுகோல் ஒன்றைத் தமிழாக்கி, பாளையங்கோட்டையில் 120 நர்சிங் மாணவிகளிடம் கொடுத்தேன். கிரான்பாக் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண், உச்சம் 1) 0.84. இது போதுமா?

போதாது. கூற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலே ஆல்ஃபா ஏறும். 20 கூற்றில் 0.84 என்றால் கூற்றுகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு (இரண்டு விடைகள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) ஏறக்குறைய 0.21தான். எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் அளக்கின்றனவா என்பதற்கு ஆல்ஃபா பதில் சொல்லாது.

முதலில் மொழியைப் பாருங்கள், பாதிக் கோளாறு அங்கேதான். 'ஓரினச்சேர்க்கை' என்று போட்டால் படிப்பவர் மனதில் உடலுறவுதான் வரும். நீங்கள் கேட்பதோ ஆட்களைப் பற்றி. இன்னொரு பக்கம், 'தன்பாலீர்ப்பாளர்' என்றால் திருநங்கை என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. தாளின் தலைப்பிலேயே ஒரு வரி விளக்கம் வையுங்கள்.

அடுத்தது எதிர்மறைக் கூற்று. 'இரு பெண்கள் காதலிப்பது தவறு என்று நான் நினைக்கவில்லை' என்பதற்கு 'உடன்படவில்லை' என்று டிக் அடித்தவர் என்ன சொல்கிறார்? 'தப்புன்னு நெனைக்கலன்னுதான் போட்டேன்' என்பார். மதிப்பெண்ணோ தலைகீழாக விழும். 'இரு பெண்கள் காதலிப்பதில் தவறில்லை' என்று மாற்றினால் ஓரளவு தேறும். எட்டுப் பத்துப் பேரைத் தனித்தனியே உட்காரவைத்து, 'இதுல என்ன கேக்காவன்னு நெனைக்கீய?' என்று ஒவ்வொரு கூற்றுக்கும் கேளுங்கள். பின்மொழிபெயர்ப்பில் (தமிழை மறுபடி ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவதில்) மாட்டாத பிழை இதில் மாட்டும்.

காலாவதியான கூற்றையும் தள்ளுங்கள். இந்த மனப்பான்மையை அளக்க உளவியலாளர் ஹெரெக் உருவாக்கிய 20 கூற்று அளவுகோலில் (பெண் தன்பாலீர்ப்பாளர் பற்றி 10, ஆண் பற்றி 10) சட்டத்தைப் பற்றிய கூற்றும் உண்டு. தன்பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு சுருக்கிய பிறகு, அப்படியொரு கூற்று இங்கே மனப்பான்மையை விடச் சட்ட அறிவைத்தான் அளக்கும்.

பிறகுதான் கணக்கு. காரணிப் பகுப்பாய்வுக்கு (எந்தெந்தக் கூற்றுகள் ஒரு கூட்டமாகச் சேர்கின்றன என்று பார்க்கும் கணக்குக்கு) 120 பேர் குறைவு, 200க்குக் கீழே இறங்காதீர்கள். ஐந்து படி விடைகளுக்குப் பாலிகோரிக் ஒட்டுறவு (படிப்படியான விடைகளுக்கென்றே உள்ள ஒட்டுறவு) எடுங்கள். இரண்டு காரணி (கூற்றுக் கூட்டம்) பிரிந்து வந்தால் உடனே பெயர் சூட்டிவிடாதீர்கள். எதிர்மறைக் கூற்றெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அது வாக்கிய அமைப்பு செய்த வேலை. மொத்தத்தோடு ஒட்டுறவு 0.30க்குக் கீழே உள்ள கூற்றைத் திரும்பப் படியுங்கள். மைனஸில் வந்தால் பெரும்பாலும் எதிர்த்திசைக் கூற்றின் மதிப்பெண்ணைத் திருப்ப (5ஐ 1 ஆக்க) மறந்திருப்பீர்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கொடுங்கள். இரண்டு தடவையும் மதிப்பெண் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் உள்வகுப்பு ஒட்டுறவு 0.70ஆவது வரவேண்டும். 15 சதவீதத்துக்கு மேல் ஆட்கள் மிகக் குறைந்த மதிப்பெண்ணிலோ மிக அதிக மதிப்பெண்ணிலோ குவிந்தால், அந்த முனையில் அளவுகோல் ஆளுக்கு ஆள் வேறுபாட்டைக் காட்டாது. தன்பாலீர்ப்பாளர் நண்பர் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் மதிப்பெண் வேறுபடுகிறதா என்றும் பாருங்கள். வேறுபாடே இல்லையென்றால் ஏற்புடைமை (அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்பது) சந்தேகம்தான். ஆண் பெண் சராசரியை ஒப்பிடுவதாக இருந்தால், அளவீட்டுச் சமத்துவம் (இரு தரப்பிலும் அளவுகோல் ஒரே மாதிரி வேலை செய்கிறது என்பது) காட்டாமல் ஒப்பிட வேண்டாம்.

ஒன்று கேட்க மறந்தேன்: தாளை வாங்கியது வகுப்பு ஆசிரியையா? அப்படியென்றால் அந்த 120 தாளையும் முன்னோட்டக் கணக்கில் வைத்துக்கொண்டு, பெயரில்லாத தாளில், உறையில் போட்டு ஒட்டி, பெட்டியில் போடச் சொல்லிப் புதிதாக வாங்குங்கள்.