நாக்கின் கீழ் ஒரு கால் குளிசை

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. கூரை வேலையில் விழுந்து முதுகு அடிபட்டபோது கொடுத்த ஒக்சிகொடோன் என்ற வலிக் குளிசையில் எல்லாம் தொடங்கியது, அதற்கே அடிமையாகிவிட்டான். இப்போது மூன்று வருடமாக அதற்குச் சிகிச்சையாக மெதடோன் குடிக்கிறான், நாளுக்கு 70 மில்லிகிராம். போன மாதம் ஈசிஜி எடுத்துப் பார்த்த வைத்தியர் அதற்குப் பதிலாக சுபொக்சோன் என்ற குளிசைக்கு மாறச் சொல்கிறார். தம்பிக்குப் பயம். அவனுடைய கூட்டாளி ஒருவன் சுபொக்சோன் போட்ட ஒரு மணித்தியாலத்துக்குள் வாந்தியும் வயிற்றோட்டமுமாகச் சுருண்டு போனானாம். அம்மாவோ, "மருந்து மாற்றுவதற்குப் பதிலாக ஒரேயடியாக விட்டுத் தொலைக்கலாமே, ஒரு மாதம் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்கிறார். என் நான்கு வயது மகளும் இதே வீட்டில்தான் இருக்கிறாள். என்ன செய்வது?
ஒரு அக்கா, ஸ்காபரோ

பதில்: கூட்டாளி பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவரை வீழ்த்தியது அந்த மருந்து என்பதைவிட, அதைப் போட்ட நேரம் என்றுதான் நினைக்கிறேன்.

மெதடோனும் சுபொக்சோனில் உள்ள பியூப்ரெநோர்பினும் மூளையில் ஒரே இருக்கைகளைத்தான் தேடிப் போகின்றன. மெதடோன் முழு வேலை செய்யும். பியூப்ரெநோர்பின் அரைவாசி வேலைதான் செய்யும், ஆனால் இடம் பிடிப்பதில் பெரிய கெட்டிக்காரன். நெரிசலான மினிபஸ்ஸில் ஏறி, இருந்தவரை எழுப்பிவிட்டுத் தான் இருந்துகொண்டு, கடைசித் தரிப்பு வரை எழும்பாத ஆட்கள் இருப்பார்களே, அந்த மாதிரி. உடம்பில் மெதடோன் நிறைய இருக்கும்போது இதைப் போட்டால் அத்தனையையும் ஒரே நேரத்தில் தள்ளிவிடும். முழுசுக்குப் பழகிய உடம்பு ஒரு மணித்தியாலத்துக்குள் அரைவாசிக்கு இறங்குகிறது. அதுதான் கூட்டாளி பட்ட பாடு. இருக்கைகள் காலியாகத் தொடங்கிய பிறகு போட்டால் அதே அரைவாசி ஆறுதலாக இருக்கும். (இந்த வகை மருந்துகளின் வேலையை முறிக்கும் நலொக்சோனும் சுபொக்சோனில் கலந்திருப்பதால்தான் இப்படி என்று பலர் சொல்வார்கள். நாக்கின் கீழ் வைக்கும்போது நலொக்சோன் உடம்பில் சேர்வது மிகக் குறைவு. கரைத்து ஊசியில் ஏற்றாமல் இருக்கத்தான் அதைக் கலந்திருக்கிறார்கள்.)

இதைத் தவிர்க்க இரண்டு வழி உண்டு. பழைய வழியில் மெதடோனை 30 மில்லிகிராம் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். பிறகு ஒன்று முதல் மூன்று நாள் வரை ஒன்றுமே குடிக்காமல், கொட்டாவியும் மூக்கொழுகலும் மயிர்க்கூச்சும் வரும்வரை காத்திருக்க வேண்டும். கிளினிக்கில் நாடித்துடிப்பு, கண்மணியின் அளவு என்று 11 விஷயங்களுக்குப் புள்ளி போட்டு, கூட்டுத்தொகை போதிய அளவு வந்த பிறகே முதல் குளிசையைத் தருவார்கள். அந்தப் புள்ளித்தாளின் சுருக்கப் பெயர் 'கவுஸ்', அதாவது மாடுகள். யார் வைத்த பெயரோ! வழி சரிதான், ஆனால் 70இலிருந்து 30க்கு இறங்க வாரக்கணக்காகும். அந்த வாரங்களில்தான் பலர் தெருச் சரக்குக்குத் திரும்பப் போகிறார்கள். அந்த வழி உங்கள் தம்பிக்கு வேண்டாம் என்பது என் எண்ணம்.

மற்றது, 2016இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகர வைத்தியர்கள் எழுதிவைத்த வழி. இதில் மெதடோனைக் குறைப்பதே இல்லை. வழக்கம்போல 70ஐக் குடித்துக்கொண்டே, முதல் நாள் பியூப்ரெநோர்பின் அரை மில்லிகிராம், அதாவது 2 மில்லிகிராம் குளிசையில் கால் துண்டு. பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுவார்கள். ஒரு வாரம், பத்து நாளில் அது போதிய அளவுக்கு வந்ததும் மெதடோனை நிறுத்திவிடுவார்கள். இருந்தவர்களை ஒரேயடியாகத் தள்ளாமல் ஒவ்வொருவராக எழுப்புகிற வேலை. கொஞ்சம் நித்திரைக் குறைவு, வியர்வை வரலாம், ஆனால் சுருண்டு விழ வேண்டியதில்லை. கனடாவில் இப்போது பல கிளினிக்குகளில் இப்படிச் செய்கிறார்கள். அடுத்த முறை போகும்போது தம்பி இதைப் பற்றி வாய் திறந்து கேட்கட்டும். பாமசியில் நாள்வாரியாகப் பொதி செய்து தருவார்களா என்றும் கேட்கட்டும், கால் துண்டை வீட்டில் கத்தியால் வெட்டினால் சரியாக வராது. இடையில் ஃபென்ரனில் என்ற கடும் போதைமருந்து ஏதும் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், நாள் கணக்கே மாறும்.

குளிசையை விழுங்கக் கூடாது. நாக்கின் கீழ் வைத்து, கதைக்காமல், முழுதாகக் கரையும் வரை பத்து நிமிடமாவது இருக்க வேண்டும். கரைந்ததும் தண்ணீரால் கொப்பளிக்கலாம். பல் தீட்டுவதற்கு ஒரு மணித்தியாலம் பொறுக்க வேண்டும், இந்த மருந்தால் பல் பழுதாவதுண்டு.

வைத்தியர் ஏன் மாற்றச் சொல்கிறார் என்றால், மெதடோன் சிலருக்கு இதயத்தின் கியூ-ரி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்னோட்டம் எழுந்து அடங்கும் நேரத்தை, நீட்டிவிடும். அது 500 மில்லிசெக்கனைத் தாண்டினால் இதயம் தாளம் தப்பும் ஆபத்து கூடும். பியூப்ரெநோர்பினில் அந்தப் பயம் குறைவு. ஆகவே இது வீண் மாற்றம் இல்லை. அதற்காகப் பயந்து தம்பி தானாக மெதடோனை நிறுத்தவும் கூடாது. மாறும்வரை, இருமல் சளிக்கு வேறு வைத்தியர் கிளரித்ரோமைசின் போன்ற அன்ரிபயோற்றிக் எழுதினால், மெதடோன் குடிப்பதை முதலில் சொல்ல வேண்டும். அதுவும் இந்த இடைவெளியை நீட்டும்.

அம்மாவின் யோசனைக்கு வருவோம். பாசத்தில்தான் சொல்கிறார், ஆனால் எனக்கு ஆகப் பயம் தருவது அதுதான். இரண்டு மருந்தையும் விட்டுவிட்டு ஒரு மாதம் இருந்தால் உடம்பின் பழக்கம் இறங்கிவிடும். அதன் பிறகு ஒரு நாள் மனம் தளர்ந்து பழைய அளவைப் போட்டால், முன்பு தாங்கிய அதே அளவு மூச்சை நிறுத்திவிடும். யாழ்ப்பாணப் பயணம் ஒரு வருடம் கழித்து, வைத்தியரிடம் கேட்டு, மருந்தோடு போகலாம் என்று சொல்லுங்கள். சுபொக்சோன் ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்று அம்மா கேட்பார். திரும்ப மெதடோனுக்கு வருவது சுலபம். கடைசிக் குளிசை போட்ட மறுநாளே வைத்தியர் குறைந்த அளவில் தொடங்கலாம், காத்திருக்கும் தொல்லை அந்தப் பக்கத்தில் இல்லை.

மகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மாறுகிற நாட்களில் வீட்டில் இரண்டு மருந்தும் இருக்கும். வீட்டுக்குத் தந்துவிடும் மெதடோன் போத்தல் குளிரூட்டியில் தோடம்பழச் சாறு மாதிரியே இருக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது, ஒரு மிடறே உயிருக்கு ஆபத்து. பூட்டுப் பெட்டி வாங்கி அதற்குள் வைத்து, பெட்டியோடு குளிரூட்டியில் வையுங்கள். திறப்பு தம்பியிடம் இருக்கட்டும். நலொக்சோன் மூக்குத் தெளிப்பான் ஒன்றும் வீட்டில் வேண்டும். ஒன்ராறியோவில் பாமசிகளில் இலவசமாகத் தருகிறார்கள், எப்படிப் பாவிப்பது என்று அங்கேயே காட்டச் சொல்லுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.